பீர்ப் படகும் இரண்டு டன் வரம்பும்: பழைய நகரத்துக்குள் சரக்கு எப்படி வர வேண்டும்?

2025 ஜனவரி 1 முதல் நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், உட்ரெக்ட் உள்ளிட்ட பத்துக்கும் மேற்பட்ட நகரங்கள் சரக்கு வண்டிகளுக்கு ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தன. அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முதலாகப் பதிவாகும் வேனோ லாரியோ நகர மையத்தில் ‘மாசில்லா மண்டலம்’ என்று குறிக்கப்பட்ட எல்லைக்குள் வர வேண்டுமானால் புகைக்குழாயிலிருந்து எதையும் வெளியேற்றக் கூடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு அவற்றின் வயதைப் பொறுத்துக் கால அவகாசம் உண்டு. 2030 நெருங்கும்போது அந்த அவகாசமும் படிப்படியாக முடிந்துவிடும்.

இந்தச் செய்தியைப் படித்தவர்களில் ஒரு சாரார், டீசல் வேனுக்குப் பதில் மின்சார வேன், இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தார்கள். இன்னொரு சாரார் சிறு வியாபாரிகளின் பிழைப்பு போய்விடும் என்றார்கள். புகையும் வண்டி விலையும் உண்மையான கவலைகள்தாம். ஆனால் அறுநூறு, எழுநூறு ஆண்டுப் பழைமையான ஒரு தெருவுக்குச் சரக்கு வண்டியால் நேரும் தொல்லை புகையோடு முடிவதில்லை. வண்டிகளின் எண்ணிக்கை, அவற்றின் எடை, அவை நிற்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் முழுப் பிரச்சினை. அதைப் புரிந்துகொள்ள உட்ரெக்ட் நகரைப் போல நல்ல உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

முதலில் அடிப்படை: கடைக்குச் சரக்கு எப்படி வந்து சேர்கிறது

துறைமுகத்திலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ கிளம்பும் சரக்கு, நெடுஞ்சாலையில் பெரிய லாரியில் நிறைந்து வரும். அந்தப் பயணம் மலிவானது. நகர எல்லையில் அது பிரிக்கப்பட்டு, கடைவாரியாகச் சிறு வண்டிகளில் ஏறும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் போக்குவரத்துத் துறையினர் ‘கடைசி மைல்’ என்கிறார்கள். தூரம் குறைவு என்றாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆகும் செலவும் நேரமும் இங்கேதான் ஏறுகின்றன. வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தெருவில் இருபது கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாளில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் அன்றைக்கு அறுபது முறை வண்டி நின்று கதவு திறக்கும். ஒவ்வொரு முறையும் இறங்குவது ஓரிரு பெட்டிகளாக இருக்கலாம். அந்த அறுபது ஒப்படைப்புகளையும் நகருக்கு வெளியே ஒரே இடத்தில் சேர்த்து, கடைவாரியாக அடுக்கிக் கொண்டுவந்தால், அதே சரக்கு இரண்டு மூன்று வண்டிகளில் அடங்கிவிடலாம். நிற்பதும் கடைக்கு ஒரு முறையாகச் சுருங்கும்.

சரக்கு அதேதான், வண்டி ஏற்பாடு மட்டுமே மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

தெருவுக்கு அடியில் இன்னொரு நகரம்

உட்ரெக்ட் நகரின் நடுவே ஓடும் கால்வாய்க்கு அவுடெகிராக்ட் என்று பெயர். 1122ஆம் ஆண்டு உட்ரெக்ட் நகர உரிமை பெற்ற காலத்தில், ரைன் நதியின் ஒரு கிளைக்கு, நீர் வரும் திசையில், நகருக்கு அப்பால் அணை கட்டப்பட்டது. நகருக்குள் நீர்மட்டம் தாழ்ந்தது. கரையோர வீடுகள் தண்ணீரிலிருந்து ஏறக்குறைய ஒரு தளம் உயரத்தில் நின்றன. கரைக்குக் கீழே, நீர்மட்டத்தை ஒட்டிப் படகுத்துறை உருவானது. வணிகர்கள் தங்கள் வீட்டு அடித்தளத்திலிருந்து தெருவுக்கு அடியிலேயே தோண்டி, அந்தத் துறைவரை செங்கல் வளைவுகளால் நிலவறைகள் கட்டினார்கள்.

படகில் வந்த மதுப்பீப்பாயும் தானிய மூட்டையும் துறையில் இறங்கி, படியேறாமல் நேரே நிலவறைக்குள் போயின. வீட்டுக்காரர் மேலே இருந்தபடி அவற்றை எடுத்துக்கொண்டார். தெருவில் வண்டி நிற்க வேண்டிய தேவையே இல்லை. இன்றைய சரக்குப் போக்குவரத்துப் பொறியாளர் ஒருவர் புதிதாக வரைந்தாலும் இதைவிடச் சிக்கனமான அமைப்பை வரைந்துவிட முடியாது.

பிறகு லாரி வந்தது. சரக்கு கால்வாயை விட்டுத் தெருவுக்கு ஏறியது. அப்போதுதான் சிக்கல் தொடங்கியது. இந்தத் தெரு மண்மேல் போட்ட தெரு இல்லை. நூற்றுக்கணக்கான நிலவறைகளின் கூரை. மேலே லாரி போகும்போது அதன் எடையை இடைக்காலச் செங்கல் வளைவுகள்தாம் தாங்க வேண்டும். விரிசல் விழும், மழைநீர் கசியும், வளைவின் கற்கள் இளகும்.

எனவே அங்கே அச்சுச் சுமைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அச்சுச் சுமை என்பது ஓர் அச்சில் பூட்டிய சக்கரங்கள் சேர்ந்து தரையை அழுத்தும் எடை. நிலவறைகள் உள்ள கால்வாய்த் தெருக்களில் அந்த வரம்பு 2 டன். இது எவ்வளவு கடுமையான வரம்பு என்றால், கடைகளுக்கு வரும் சாதாரண 3.5 டன் டெலிவரி வேனே முழு லோடில் இருந்தால் அதன் பின் அச்சு இந்த வரம்பைத் தொட்டுவிடும். பெரிய லாரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதோடு, பாதசாரிகள் பகுதிக்குள் சரக்கு வண்டிகள் காலைப் பொழுதில் மட்டுமே வரலாம் என்ற நேர வரம்பும் சேர்ந்துகொண்டது.

நேர வரம்புக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. மாலையில் நடப்பவர்களுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் நாள் முழுவதும் பரவியிருந்த வண்டிகள் எல்லாம் சில மணி நேரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. நிறுவனங்களும் அந்தச் சில மணி நேரத்துக்காகவே கூடுதல் வண்டிகளையும் ஓட்டுநர்களையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நேரத்தை மட்டும் குறுக்கினால் வண்டிகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

பீர்ப் படகு

அந்த நிலவறைகள் பலவற்றில் இன்று உணவகங்களும் மதுக்கூடங்களும் இருக்கின்றன. தண்ணீரை ஒட்டிய பழைய படகுத்துறையில் மேசை போட்டு மக்கள் சாப்பிடுகிறார்கள். இவற்றுக்குப் பீர் கொண்டுவருவது எப்படி? 50 லிட்டர் பீர் நிறைந்த உலோகப் பீப்பாய் ஒன்றின் எடை 60 கிலோவுக்கு மேல். லாரி மேலே தெருவில் நிற்கும். கடை ஒரு தளம் கீழே. ஒவ்வொரு பீப்பாயையும் குறுகலான படிகளில் இறக்கி, காலிப் பீப்பாய்களை அதே படிகளில் ஏற்ற வேண்டும். அதுவரை தெரு அடைபட்டிருக்கும்.

1996இல் உட்ரெக்ட் நகராட்சி ஒரு படகை இயக்கத் தொடங்கியது. ஊரார் அதைப் பீர்ப் படகு என்றே அழைத்தார்கள். நகர மையத்துக்கு வெளியே பீரும் உணவுப் பொருள்களும் படகில் ஏறும். படகு கால்வாய் வழியாக வந்து துறையோரம் நிற்கும். அதிலேயே பொருத்தியிருக்கும் கிரேன் சரக்கைத் தூக்கித் துறையில் வைக்கும். பீப்பாயைச் சாய்த்து உருட்டினால் சில அடியில் கடைக் கதவு. படி இல்லை. திரும்பும்போது காலிப் பீப்பாய்கள் ஏறிக்கொள்ளும். மது ஆலைகளும் மொத்த விற்பனையாளர்களும் கட்டணம் கொடுத்துப் படகைப் பயன்படுத்தினார்கள்.

முதல் படகு டீசலில் ஓடியது. 2010இல் அதன் இடத்துக்கு மின்சாரப் படகு வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். புகையைக் குறைக்கும் நோக்கம் பதினான்கு ஆண்டுகள் கழித்தே நிறைவேறியது. அதற்கு முன்பே, டீசலில் ஓடியபோதே, படகு தெருவிலிருந்து லாரிகளை இறக்கிவிட்டது. நிலவறைகளின் மேலிருந்த சுமையை நீக்கிவிட்டது. எஞ்சினை மாற்றுவது கடைசிப் படி, முதல் படி இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இந்தப் படகைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

படகு நிலைத்ததற்குக் காரணங்கள்:

1. சரக்கு ஒரே தன்மையுடையது, கனமானது, வாரம் தவறாமல் வருவது. இத்தகைய சரக்குக்குத் தண்ணீர் வழி பொருந்தும்.

2. படகு நிற்கும் இடமும் கடைக் கதவும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இடையில் இன்னொரு வண்டிக்கு மாற்ற வேண்டியதில்லை.

3. 2 டன் வரம்பு இருப்பதால் லாரிக்காரருக்கு மலிவான மாற்று வழி கிடையாது. விதி இல்லாமல் படகை மட்டும் விட்டிருந்தால் பாதி வியாபாரிகள் பழையபடி லாரியிலேயே வரவழைத்திருப்பார்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். படகைப் படமெடுத்துப் போடுபவர்கள் அந்த விதிப் பலகையைப் படமெடுப்பதில்லை.

ஒன்றேகால் மீட்டர் அகல வண்டி

எல்லாக் கடையும் தண்ணீரோரம் இல்லையே. துணி, மருந்து, புத்தகம், அலுவலகப் பொருள் என்று சிறு பெட்டிகளாக வரும் சரக்குக்கு உட்ரெக்ட்டில் 2009இல் ஒரு தனியார் போக்குவரத்து நிறுவனம் ‘கார்கோஹாப்பர்’ என்ற வண்டியை ஓட்டத் தொடங்கியது. முன்னால் ஒரு சிறு மின்சார இழுவை வண்டி, பின்னால் மூன்று பெட்டிகள். மொத்த நீளம் ஏறக்குறைய 16 மீட்டர். அகலமோ 1.25 மீட்டர்தான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், 3 டன் வரை சரக்கு, கூரையில் சூரியத் தகடுகள்.

அகலம் இவ்வளவு குறைவாக வைத்ததில்தான் சூட்சுமம். பழைய தெருவில் ஒரு வண்டி நின்றாலும் பக்கத்தில் சைக்கிளும் ஆளும் போக இடம் கிடைக்கும். எடை ஒரே இடத்தில் குவியாமல் பல அச்சுகளில் பரவுவதால் நிலவறைக் கூரைக்கும் நெருக்கடி இல்லை. நகருக்கு வெளியே நிறுவனத்தின் கிடங்கில் பல அனுப்புநர்களின் பெட்டிகள் தெருவாரியாகப் பிரிக்கப்பட்டன. திரும்பும்போது கடைகளின் அட்டைப்பெட்டிகளையும் காகிதக் கழிவையும் வண்டி ஏற்றிக்கொண்டது. காலியாகத் திரும்பாமல் இருப்பது இந்தத் தொழிலில் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் இடையிலான கோடு.

சரக்கு டிராம் ஏன் நிற்கவில்லை

ஆம்ஸ்டர்டாமில் இதைவிடப் பெரிய கனவு ஒன்று இருந்தது. 2007இல் ‘சிட்டிகார்கோ’ என்ற நிறுவனம் நகரின் டிராம் தண்டவாளத்தில் சரக்கு டிராம்களைச் சோதனையாக ஓட்டியது. நகர விளிம்பிலிருந்து டிராமில் சரக்கு வரும். உள்ளே சிறு மின்சார வண்டிகளுக்கு மாறி கடைக்குப் போகும். சோதனையில் தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் திட்டத்தை விரிவாக்கத் தேவையான முதலீடு திரளவில்லை. 2009இல் நிறுவனம் திவாலானது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சரக்கு டிராம் 2000களின் தொடக்கத்திலிருந்து 2020 வரை, இடையில் சிறு இடைவெளியுடன் ஓடியது. ஆனால் அது ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஒரே கிடங்கிலிருந்து ஒரே தொழிற்சாலைக்குக் கார் உதிரிபாகங்களைக் கொண்டுபோன டிராம். ஒரு முனையில் ஒருவர் ஏற்றுகிறார், மறுமுனையில் ஒருவர் இறக்குகிறார், செலவை ஒரே நிறுவனம் ஏற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் நூற்றுக்கணக்கான அனுப்புநர்கள், ஆயிரக்கணக்கான கடைகள். ஒவ்வொரு பெட்டியும் லாரியிலிருந்து டிராமுக்கு, டிராமிலிருந்து சிறு வண்டிக்கு என்று இரண்டு முறை கைமாற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றமும் கூலி, நேரம், உடைசல் அபாயம். தண்டவாளம் இருக்கிறது என்பதற்காகச் சரக்கு அதில் ஏறிவிடாது.

கிடங்கின் கணக்கு: யார் பணம் கொடுப்பது?

மேலே சொன்ன ஏற்பாடுகளில் பீர்ப் படகு தவிர மற்றவற்றுக்குப் பொதுவாகத் தேவைப்படுவது ஒருங்கிணைப்புக் கிடங்கு. அதாவது, பல நிறுவனங்களின் சரக்கு ஒன்றாகச் சேர்ந்து, கடைவாரியாகப் பிரிந்து, குறைந்த வண்டிகளில் உள்ளே போகும் இடம். 1990களில் ஜெர்மன் நகரங்கள் பல இப்படிப்பட்ட திட்டங்களை உற்சாகமாகத் தொடங்கின. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மறைந்துபோயின. அரசு மானியம் நின்ற அன்றே கிடங்கும் நின்றது என்பதுதான் அவற்றில் பலவற்றின் கதை.

காரணம் எளியது. கிடங்கால் வரும் நன்மை தெருவில் நடப்பவருக்கும், நிலவறை வைத்திருப்பவருக்கும், மூச்சு விடுகிற எல்லாருக்கும் போகிறது. கிடங்கின் செலவோ சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. கடைக்காரருக்கு டெலிவரிக் கட்டணம் பொருள் விலைக்குள்ளேயே மறைந்திருப்பதால், சேர்த்து அனுப்பினால் தனக்கு என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரிவதே இல்லை. போட்டி நிறுவனத்தின் வண்டியில் தன் வாடிக்கையாளரின் பெட்டியை ஏற்ற எந்தக் கூரியர் நிறுவனமும் எளிதில் சம்மதிப்பதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழிகள் ஓரளவு பலன் தந்திருக்கின்றன.

1. கடைக்காரரை வாடிக்கையாளர் ஆக்குவது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 2008இல் தொடங்கிய ‘பின்னன்ஸ்டட்சர்விஸ்’ இந்த வழியில் போனது. கடைக்காரர் தன் டெலிவரி முகவரியாகக் கிடங்கின் முகவரியைக் கொடுத்துவிடுவார். அனுப்புநர் லாரி நகருக்குள் வராமல் கிடங்கிலேயே இறக்கிவிட்டுப் போகும். அவருக்கும் நேரம் மிச்சம். கடைக்காரர் கேட்கும் நேரத்தில் சரக்கு வந்து சேரும். கூடுதல் சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொள்வது, கழிவு அட்டைகளைத் திரும்ப எடுப்பது போன்ற சேவைகளுக்குத் தனிக் கட்டணம். மைய நகரில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை கொடுக்கிற கடைக்காரருக்குப் பின்னறை காலியாவது பணமாகவே தெரியும்.

2. சலுகையை விதியாக்குவது. இத்தாலியின் பதுவா நகரில் 2004இல் தொடங்கிய ‘சிட்டிபோர்ட்டோ’ திட்டத்தில், யாருக்கும் போட்டியாக இல்லாத ஒரு பொதுச் சரக்கு நிறுவனம் கூரியர்களிடமிருந்து பெட்டிகளை வாங்கி இயற்கை எரிவாயு வண்டிகளில் உள்ளே கொண்டுபோகிறது. இந்த வண்டிகளுக்குப் பஸ் பாதையில் ஓட அனுமதி உண்டு, நேரக் கட்டுப்பாடும் இல்லை. மற்றவர்களுக்கு இந்த இரண்டு சலுகைகளும் கிடையாது. உள்ளே போய் அவதிப்படுவதைவிட ஒப்படைத்துவிடுவது மலிவு என்ற நிலையை நகராட்சி உருவாக்கியது.

மாசில்லா மண்டலம் எதை மாற்றும், எதை மாற்றாது

காற்று சுத்தமாகும், இரைச்சல் குறையும். குறுகலான தெருவில் இருபுறமும் உயர்ந்த வீடுகளுக்கு நடுவே டீசல் புகை தங்கிநிற்கும் என்பதால் இது பெரிய நன்மை. ஆனால் மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது எடை. மின்சார வேனின் மின்கலம் சில நூறு கிலோ எடையுள்ளது. அதே சரக்கை ஏற்ற வண்டியின் மொத்த எடை கூடுகிறது. இதற்காகவே, சாதாரண ஓட்டுநர் உரிமத்தில் 3.5 டன் வரை மட்டுமே ஓட்டலாம் என்ற வரம்பை, மின்சார வேன்களுக்கு 4.25 டன் வரை உயர்த்திக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் வழிவிட்டது. சாலைக்கு நேரும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்குக்கு (அதாவது அதே எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்குவதற்கு) ஏறத்தாழ இணையாக உயரும் என்பது சாலைப் பொறியியலில் 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளிலிருந்து பெறப்பட்ட விதி. சுமை கால் பங்கு கூடினால் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். செங்கல் வளைவுக்கு அதே சூத்திரம் அப்படியே பொருந்தாது. ஆனால் மேலே போவது டீசலா மின்சாரமா என்று வளைவுக்குத் தெரியாது, எடை தெரியும்.

ஆம்ஸ்டர்டாம் இதைக் கண்முன் பார்த்தது. 2020 செப்டம்பர் 1 அன்று கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கால்வாயின் கரைச்சுவர் சரிந்து தண்ணீரில் விழுந்தது. மரத்தூண்கள்மேல் நிற்கும் அந்த நகரில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் கரைச்சுவரும் நூற்றுக்கணக்கான பாலங்களும் சோதிக்கப்பட வேண்டிய நிலையில் இருந்தன. குதிரை வண்டிக் காலத்துக்குக் கட்டியவை, இன்றைய லாரிகளைச் சுமந்துகொண்டிருந்தன.

இரண்டாவது எண்ணிக்கை. அறுபது டீசல் வேன்களுக்குப் பதில் அறுபது மின்சார வேன்கள் வந்தால் நடைபாதை அடைபடுவது அப்படியே இருக்கும். மாசில்லா மண்டலம் தானாக யாரையும் சரக்கைச் சேர்த்து அனுப்ப வைக்காது. வண்டி விலை உயர்வதால் சிலர் பாதி காலியாக ஓட்டுவதை நிறுத்துவார்கள் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி விட்டுவிட முடியாது. எடை வரம்பும் நேர வரம்பும் கிடங்குச் சலுகையும் கூடவே இருந்தால்தான் எண்ணிக்கை குறையும்.

மூன்றாவது மின்சாரம். உட்ரெக்ட் மாகாணத்தில் மின்கட்டமைப்பு ஏற்கெனவே திணறுகிறது. பெரிய இணைப்பு கேட்கும் நிறுவனங்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியுள்ளது. இருபது வேன்களை ஒரே இரவில் மின்னேற்ற விரும்பும் ஒரு சரக்குக் கிடங்குக்கு இணைப்பே கிடைக்காமல் போகலாம். சட்டம் ஒரு தேதியில் அமலாகிறது. கம்பி அந்தத் தேதிக்குள் வந்துவிடுவதில்லை. சிறு நிறுவனங்களின் கோபத்தில் நியாயமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். தொழில் முனைவோரின் டீசல் வேன்களுக்கு இருந்த கொள்முதல் வரி விலக்கும் அதே 2025 ஜனவரி 1 அன்று முடிவடைந்ததால், 2024இன் கடைசி மாதங்களில் பலர் அவசரமாக டீசல் வேன்களை வாங்கிப் பதிவு செய்துகொண்டார்கள். மண்டலத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. முடிவெடுக்கும் உரிமை நகராட்சிகளிடம் இருந்ததால் அவை தொடர்ந்தன.

இன்னும் தீராதது: மணலும் செங்கல்லும்

கடைச் சரக்கைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் பழைய நகரத்துக்குள் வரும் மிகக் கனமான சரக்கு, பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க வரும் கட்டுமானப் பொருள்கள்தாம். இவற்றுக்கு வாராவாரம் ஒரே கால அட்டவணை கிடையாது. ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் தன் வேனில் கருவிகளோடு வந்து நாள் முழுவதும் அங்கேயே நிறுத்துகிறார். கடைவாரியாகச் சேர்க்கும் முறை இங்கே பாதிதான் உதவும். கருவிகளைச் சரக்கு சைக்கிளிலும், கனப்பொருள்களைத் தண்ணீர் வழியாகவும் கொண்டுவருவதே அங்கே பின்பற்றக்கூடிய வழிகள்.

அதற்குக் கால்வாய் கால்வாயாக இருக்க வேண்டும். உட்ரெக்ட் 1970களில் தன் பழைய அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து விரைவுச் சாலை ஆக்கியது. அந்தச் சாலையைத் தோண்டி எடுத்து மீண்டும் தண்ணீர் விட்டு முடித்தது 2020 செப்டம்பரில். ஆம்ஸ்டர்டாமில் இடியும் நிலையிலுள்ள கரைச்சுவர்களைப் புதுப்பிக்கும் வேலைக்கான கற்களும் தூண்களும் இயந்திரங்களும் மிதவைப் படகுகளில் வருகின்றன; இடித்த கழிவும் அதே படகுகளில் வெளியே போகிறது. தெருவின் மேல் லாரிகளை அதிகம் ஏற்றாமல் தெருவின் சுவரைக் கட்ட முடிகிறது என்றால், அதே கரையோரத்தில் ஒரு வீட்டுக்குச் செங்கல் கொண்டுவரும் ஒப்பந்தக்காரருக்கும் நகராட்சி அனுமதிச்சீட்டு கொடுக்கும்போதே அந்த நிபந்தனையை எழுதிவிடலாம்.